கையில் சுற்றுலா முத்திரை, பேச்சில் என்ஆர்ஐ

கேள்வி: எனக்கு வயது 31. சொந்த ஊர் கோவை. வெப்சைட், ஆப் வடிவமைக்கும் ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறேன். 2025 ஜூலை 10 அன்று கிளம்பி தாய்லாந்தின் சியாங் மாய் வந்தேன். விசா இல்லாமல் 60 நாள், பிறகு இமிகிரேஷன் ஆபீஸில் 1,900 பாட் கட்டி இன்னும் 30 நாள் என்று ஓட்டுகிறேன். அக்டோபரில் லாவோஸ் போய் தரைவழியாகத் திரும்பினேன். ஜனவரியில் கோலாலம்பூர் போய் விமானத்தில் வந்தேன். இப்போதைய முத்திரை 2026 ஏப்ரல் 4 வரை. ஆஸ்திரேலிய கம்பெனி ஒன்றிலிருந்து மாதம் 75,000 ரூபாய் அளவுக்கும், சென்னை கம்பெனியிலிருந்து 40,000 ரூபாயும் என் கோவை சேமிப்புக் கணக்குக்கே வருகிறது. இங்கே ஒரு கஃபேக்கு மெனு கார்டும் லோகோவும் செய்து கொடுத்து 15,000 பாட் ரொக்கமாக வாங்கினேன். “நீ இப்போ என்ஆர்ஐ, உனக்கு இங்கே வரியே கிடையாது, அக்கவுன்ட்டை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ-யாக மாற்று” என்கிறார் மாமா. 8,000 பாட் கொடுத்தால் இங்கே வங்கிக் கணக்கு திறந்து தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். இன்னொரு தடவை லாவோஸ் போய் வந்து வருஷம் முழுக்க இருந்துவிடலாமா? எதில் மாட்டுவேன்?

பதில்: முதலில் ஏப்ரல் 4-ஐப் பார்த்துவிடுவோம். மற்றவற்றுக்கு அவகாசம் உண்டு, இதற்கு இல்லை.

விசா இல்லாத 60 நாள் சலுகை இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலை 15 முதல் கிடைத்துவருகிறது. இதைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி கிளம்புவதால், ஒவ்வொரு முறையும் டிக்கெட் போடுமுன் சென்னையிலுள்ள தாய் துணைத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். இந்தச் சலுகையில் தரைவழியாக நுழைவது ஒரு காலண்டர் வருஷத்துக்கு இரண்டு முறைதான். 2025-இல் ஒன்றுதான் ஆனது, 2026-இல் இரண்டும் பாக்கி இருக்கிறது என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். காகிதத்தில் அது சரி. கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் போடும் கணக்கு வேறு. காரணம் சொல்ல முடியாமல் இரண்டு தடவைக்கு மேல் வெளியே போய்ப் போய்த் திரும்பி வருபவர்களை உள்ளே விடுவதில்லை என்று தாய் இமிகிரேஷன் 2025 நவம்பரில் கெடுபிடியை இறுக்கியது. உங்களுக்கு லாவோஸ் ஒன்று, கோலாலம்பூர் ஒன்று, ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. எல்லைக்கு அப்பால் மியான்மரின் மியாவடியில் நடக்கும் ஆன்லைன் மோசடி முகாம்களுக்கு ஆள் கொண்டுபோகும் பாதை தாய்லாந்துதான். அங்கே சிக்கிய நம் ஊர்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோரை 2025-இல் தாய் எல்லை ஊரான மே சோட் வழியாக விமானத்தில் மீட்டுவர வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்ததும் சுற்றுலாப் பயணியாகத்தான். தனியாக வரும், லேப்டாப் வைத்திருக்கும், பாஸ்போர்ட் நிறைய தாய் முத்திரை உள்ள இளைஞரை அதிகாரி இரண்டு தடவை பார்ப்பதில் வியப்பில்லை.

லாவோஸ் எல்லையிலுள்ள நோங் காய் பாலத்தில் திருப்பி அனுப்பிவிட்டால் நீங்கள் லாவோஸ் பக்கம் நிற்பீர்கள். அறை, துணிமணி, டெபாசிட் எல்லாம் சியாங் மாயில் இருக்கும். இதுகூடச் சமாளிக்கக்கூடியதே. பிரிட்டன், கனடா போன்ற நாடுகளின் விசா படிவங்களில் “எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதா” என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் “ஆம்” என்று எழுதி விளக்கம் இணைக்க வேண்டும். மறைத்தால் அது பொய் வாக்குமூலம். மறுப்பைவிடப் பெரிய தலைவலி. ஆகவே மூன்றாவது ஓட்டம் வேண்டாம்.

வெளியே போகாமலே முத்திரை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கும், கம்ப்யூட்டரில் பதிவு இருக்காது. ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும் நொடியில் அது போலி முத்திரை வழக்காகிவிடும்.

தேதி தாண்டினால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் என்ற அபராதத்தை மட்டும் கேள்விப்பட்டு அதை வாடகை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். தானாக ஏர்போர்ட்டில் வந்து நிற்பவருக்கும் பிடிபடுபவருக்கும் சட்டம் ஒன்றல்ல. தானாகப் போய்ச் சரணடைந்தால் 90 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால்தான் தடை: ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல் தாண்டியிருந்தால் மூன்று வருஷம், மூன்றுக்கு மேல் ஐந்து, ஐந்துக்கு மேல் பத்து. வழியில் போலீஸ் செக்கிங்கில் பிடிபட்டாலோ, ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தாலும் ஐந்து வருஷம் உள்ளே வர முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பத்து. இன்னொன்று: முத்திரையில் ஏப்ரல் 4 என்றால் அன்று இரவு 12 மணிக்குள் இமிகிரேஷனைத் தாண்டியிருக்க வேண்டும். “4-ஆம் தேதி ராத்திரி ஃபிளைட்” என்று நினைத்து 5-ஆம் தேதி 00.40 மணி விமானத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. நீங்கள் இரண்டு மூன்று நாள் முன்பே கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்காரர் உங்கள் வருகையை 24 மணி நேரத்துக்குள் டிஎம்30 என்ற படிவத்தில் இமிகிரேஷனுக்குத் தெரிவித்தாரா என்றும் கேளுங்கள். கடமை அவருடையது, அபராதமும் அவருக்குத்தான். ஆனால் அந்த ரசீது இல்லாவிட்டால் கவுன்ட்டரில் உங்கள் வேலைதான் நிற்கும். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் திரும்பியபோதும் புதிதாகத் தெரிவித்திருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

லேப்டாப் வேலை

சுற்றுலா முத்திரையில் வேலை செய்யக் கூடாது. “வேலை” என்பதற்குத் தாய் சட்டம் தரும் விளக்கம் அகலமானது: முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தத் தொழிலைச் செய்தாலும் அது வேலை. எழுத்துப்படி பார்த்தால் உங்கள் அறையில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாவுக்குச் செய்வதும் அதற்குள் வரும். நடைமுறையில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அறைக்குள் வேலை செய்பவரைத் தேடி யாரும் கதவைத் தட்டுவதில்லை. புகார் கொடுக்க உள்ளூரில் பாதிக்கப்பட்டவர் எவருமில்லை என்பதே காரணம்.

கஃபே விஷயம் அப்படியல்ல. அங்கே உள்ளூர் வாடிக்கையாளர் இருக்கிறார், உள்ளூர்ப் பணம் இருக்கிறது, சுவரில் நீங்கள் செய்த லோகோ இருக்கிறது. அந்த வேலை கிடைத்திருக்க வேண்டிய தாய் டிசைனர் ஒருவரும் இருப்பார். அவர் ஒரு போன் போட்டால் போதும். பர்மிட் இல்லாமல் வேலை செய்ததற்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடுகடத்தல், தண்டனைக்குப் பின் இரண்டு வருஷத்துக்கு வேலை பர்மிட் கிடையாது. கஃபே முதலாளிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை. “அடுத்த மெனுவையும் செய்து கொடுங்கள்” என்று கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த வேலையை உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் ஊர் பெயர் போட்டு விளம்பரப்படுத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். காசு வாங்காமல் நட்புக்காகச் செய்தாலும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

மாமா சொன்ன என்ஆர்ஐ

உங்கள் கடிதத்தில் அதிகப் பணம் போகக்கூடிய இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வருமான வரிக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவரா என்பதை நாள் கணக்கு முடிவு செய்கிறது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வசிப்பவர். அல்லது அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் சேர்த்து 365 நாளும் இருந்தாலும் வசிப்பவர்தான். 2025 ஏப்ரல் 1 முதல் ஜூலை 10 வரை நீங்கள் இந்தியாவில் இருந்தது 101 நாள். முந்தைய நான்கு வருஷமும் கோவையில்தான் இருந்திருக்கிறீர்கள். 60-ஐத் தாண்டியாயிற்று.

மாமா சொல்வது எங்கிருந்து வருகிறது என்றால், “வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு” அந்த 60 நாள் 182 நாளாக உயரும் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஜூலையில் துபாய் கம்பெனியில் சேரப் போனவர் 101 நாள் இங்கே இருந்தாலும் அந்த ஆண்டுக்கு என்ஆர்ஐ ஆகிவிடுவார். சொந்தத் தொழிலுக்காகப் போவதும் இதில் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-இல் அப்துல் ரசாக் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பு சுற்றுலா, சிகிச்சை, படிப்பு ஆகியவற்றுக்காகப் போவதை இதற்கு வெளியே நிறுத்துகிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது? சுற்றுலா. விமானம் ஏறும்போது ஜூலை 10 அன்று இங்குள்ள இமிகிரேஷனில் என்ன காரணம் சொன்னீர்கள்? அதுவும் அதேதான் இருக்கும். வரி அதிகாரியிடம் “தொழிலுக்காகப் போனேன்” என்று வாதாடினால், தாய்லாந்தில் சட்டத்தை மீறித் தொழில் செய்தேன் என்று கைப்பட எழுதிக் கொடுப்பதாக அர்த்தம். “சுற்றுலாதான்” என்றால் சலுகை போகிறது. இரண்டையும் ஒரே வருஷத்தில் சொல்ல முடியாது.

அதனால் 2025-26-க்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்றே ரிட்டர்ன் போட வேண்டும். ஆஸ்திரேலியப் பணம், சென்னைப் பணம், கஃபே தந்த 15,000 பாட் மூன்றும் அதில் வர வேண்டும். கஃபே பணம் ரொக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று, மாமாக்கள் யாரும் சொல்லாதது. நீங்கள் உண்மையிலேயே என்ஆர்ஐ ஆகியிருந்தாலும் வரி தப்பாது. என்ஆர்ஐக்கு வெளிநாட்டில் சம்பாதித்து வெளிநாட்டிலேயே கைக்கு வந்த பணத்துக்குத்தான் இங்கே வரி இல்லை. முதன்முதலாக இந்தியாவில் வந்து சேரும் வருமானத்துக்கு, அவர் எங்கே வசித்தாலும், இங்கே வரி உண்டு. ஆஸ்திரேலிய கம்பெனி நேராக உங்கள் கோவை கணக்கில் போடுகிறது. முதல் ரசீதே இந்தியாவில்தான். சென்னை கம்பெனியைப் பொறுத்தவரை, அவர்கள் உங்களை இங்கே வசிப்பவராக வைத்து டிடிஎஸ் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் படிவம் 26ஏஎஸ்-இல் ஏறியிருக்கும். நீங்கள் மட்டும் என்ஆர்ஐ என்று ரிட்டர்ன் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. கேள்வி அவர்களுக்கும் போகும், ஏனென்றால் என்ஆர்ஐக்குக் கொடுக்கும் பணத்துக்கு டிடிஎஸ் விதியே வேறு. சிறு வாடிக்கையாளர் ஒருவரை இழக்க இதைவிட எளிய வழி கிடையாது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருகிறது. வசிப்பிடம் பற்றிய நாள் கணக்கில் அது பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. 2026-27-இல் உங்களுக்கு வெளிநாட்டிலேயே இருக்கும் எண்ணம் இருந்தால் இந்தியாவில் மொத்தம் 59 நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது காரணம் என்ன என்ற கேள்வியே எழாது. வெளிநாட்டில் குடியிருப்பவர் ஊருக்கு வந்துபோனால் 60-க்குப் பதில் 182 நாள் என்ற இன்னொரு சலுகையும் இருக்கிறது. அதை நம்பி 100, 120 நாள் தங்கிவிட்டு, “குடியிருக்கிறேன்” என்பதற்குச் சுற்றுலா முத்திரையைக் காட்ட நேர்ந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

என்ஆர்இ கணக்கு விஷயத்தில் சட்டமே வேறு. அங்கே நாள் கணக்கு மட்டும் போதாது, ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் பார்ப்பது நோக்கத்தை: வேலைக்கோ, தொழிலுக்கோ, எப்போது திரும்புவோம் என்று தெரியாத நிலையிலோ வெளியே போனவரா? சுற்றுலாவாக 90 நாள், 90 நாளாக இருப்பவர் “திரும்பி வந்துவிடுவேன்” என்று ஒவ்வொரு நுழைவிலும் சொன்னவர். திரும்பும் டிக்கெட்டையும் காட்டியிருப்பார். அப்படிப்பட்டவர் வங்கியில் என்ஆர்ஐ என்று கையெழுத்துப் போட்டு, வரியில்லா வட்டியும் வாங்கிக்கொண்டால் அது ஃபெமா மீறல். சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வங்கிக் கிளையில் விசா நகல் கேட்பார்கள். சுற்றுலா முத்திரையைக் காட்டினால் நல்ல மேனேஜர் திருப்பி அனுப்புவார். கணக்குத் திறக்கும் இலக்கை எட்ட வேண்டிய மேனேஜர் வாங்கிக்கொள்வார். பின்னால் வரும் சிக்கலில் அவர் பங்கு எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்தியாவிலிருந்து பணம் எடுத்துப்போவது பற்றி ஒரு வரி. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவது, டெபிட் கார்டில் எடுப்பது எல்லாம் எல்ஆர்எஸ் எனப்படும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வரம்புக் கணக்கில் சேரும். வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரம்பு உங்களுக்குக் கவலையில்லை, ஆனால் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும், அதுவரை முடங்கும். வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செலவழிப்பது இப்போதைக்கு இந்தக் கணக்கில் வராது. தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் போகும் என்பதால் ஆயிரம் இரண்டாயிரமாக எடுக்காதீர்கள். “ரூபாயில் கணக்கிடவா” என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள்.

தாய்லாந்து வரி

அங்கே ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர். அதில் 180 நாளை எட்டினால் நீங்கள் தாய்லாந்திலும் வரிக்கு வசிப்பவர். விசா என்ன என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. சுற்றுலாப் பயணிக்கு வரி இல்லை என்பது வெறும் நம்பிக்கை. 2025-இல் ஜூலை 10 முதல் டிசம்பர் 31 வரை வெளியே போகாமல் இருந்திருந்தாலும் 175 நாள்தான், ஆக அந்த வருஷம் தப்பித்தது. 2026-இல் ஜனவரியிலிருந்து விடாமல் இருந்தால் ஜூன் 29 அன்று 180 நிறையும். லாவோஸ், மலேசியாவில் கழித்த நாட்களைக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

180 எட்டியபின் என்ன? 2024 ஜனவரி 1 முதல், அதற்குப் பின் வெளிநாட்டில் சம்பாதித்ததைத் தாய்லாந்துக்குள் எந்த வருஷம் கொண்டுவந்தாலும் வரிக்குரியது. முன்பு ஒரு வருஷம் தள்ளிக் கொண்டுவந்தால் தப்பலாம் என்றிருந்த வழி அடைபட்டுவிட்டது. 2023 டிசம்பர் 31-க்கு முந்தைய சேமிப்புக்கு விலக்கு உண்டு. அந்தத் தேதியில் உங்கள் கோவை கணக்கில் எவ்வளவு இருந்தது என்ற ஸ்டேட்மென்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். பழைய பணத்தைத்தான் கொண்டுவந்தேன் என்று காட்ட அது ஒன்றுதான் ஆதாரம். பழையதையும் புதியதையும் ஒரே கணக்கில் கலந்தால் எது எது என்று பிரிக்க முடியாமல் போகும், ஆகவே தனிக் கணக்கில் வைப்பது நல்லது.

இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணி: தாய்லாந்தில் உட்கார்ந்து செய்யும் வேலையின் வருமானம் தாய்லாந்து வருமானமே, காசு எந்த நாட்டில் கிடைத்தாலும். அதற்கு 180 நாளும் வேண்டியதில்லை, உள்ளே கொண்டுவரவும் வேண்டியதில்லை. பணம் கோவையிலேயே கிடக்கட்டும், தொடவில்லை என்று பலர் நிம்மதியாக இருப்பது அரைகுறைப் பாதுகாப்புதான். இரு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டிலும் வசிப்பவராகிவிட்டால் நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பணமும் எங்கே, வழக்கமாக எங்கே இருக்கிறார் என்று வரிசையாகப் பார்த்து ஒரு நாட்டுக்கு ஒதுக்குவார்கள். ஒரு நாட்டில் கட்டிய வரியை மற்றதில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. அதற்கு ரிட்டர்ன், வரி கட்டிய ரசீது, வசிப்பிடச் சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். எதுவுமே தாக்கல் செய்யாதவருக்கு ஒப்பந்தம் உதவாது. தாய் ரிட்டர்னுக்குக் கடைசி நாள் மறு வருஷம் மார்ச் 31. முதல் 1,50,000 பாட் நிகர வருமானத்துக்கு வரி இல்லை. கட்டாத வரிக்கு மாதம் 1.5 சதவீதம் ஏறும்.

ஏஜென்ட் திறந்து தரும் வங்கிக் கணக்கு வேண்டாம். மோசடிப் பணத்தைச் சுற்றிவிட வாடகைக்கு விடப்படும் கணக்குகளைத் தாய் வங்கிகள் வேட்டையாடிக்கொண்டிருக்கின்றன. சுற்றுலா முத்திரையில் ஏஜென்ட் வழியாகத் திறந்த கணக்கு அந்தச் சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்கும். முடக்கினால் பணத்தை மீட்க நீங்கள் நேரில் போய், தாய்லாந்தில் என்ன வேலை என்று விளக்க வேண்டியிருக்கும். அதோடு, இந்தியாவில் வசிப்பவராக ரிட்டர்ன் போடும்போது வெளிநாட்டுக் கணக்கை, வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை சேர்த்து 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு இருக்கிறது என்பது உண்மை. காட்ட வேண்டிய கடமை போய்விடவில்லை.

ஸ்கூட்டரும் இன்சூரன்ஸும்

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் எடுக்கும் சாதாரண மருத்துவ பாலிசி வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. டிராவல் பாலிசி பெரும்பாலும் ஒரு பயணத்துக்கு 180 நாள் வரைதான். பயணம் இந்தியாவில் தொடங்க வேண்டும் என்பதும் நிபந்தனை. சியாங் மாயில் உட்கார்ந்துகொண்டு “இந்தியாவில் இருக்கிறேன்” என்று டிக் அடித்து வாங்கினால் பிரீமியத்தை வாங்கிக்கொள்வார்கள். கிளெய்ம் வரும்போதுதான் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் நகல் கேட்பார்கள்.

ஸ்கூட்டருக்கு இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. ஆர்டிஓ-வில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் பர்மிட் வேண்டும். ஒரு வருஷம் செல்லும். அதில் இருசக்கர வாகனப் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். கார் லைசென்ஸ் மட்டும் உள்ளவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அதை வைத்து ஸ்கூட்டர் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். போலீஸ் அபராதம் சில நூறு பாட்-டோடு போய்விடும். இன்சூரன்ஸ் கம்பெனி அப்படி விடாது: உரிய லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை, ரத்தத்தில் மது இருந்தது என்ற மூன்றில் ஒன்று போதும், மொத்தக் கிளெய்மும் நிராகரிக்கப்படும். காலெலும்பு முறிந்து தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது, முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்பார்கள். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். ரொக்க டெபாசிட் வாங்கும் கடைகள் இருக்கின்றன.

இனி செய்ய வேண்டியது

மார்ச் கடைசியில் கிளம்பிக் கோவை வந்துவிடுங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே தாய்லாந்து 2024 ஜூலையில் டிடிவி என்ற விசாவைக் கொண்டுவந்தது. ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள், கட்டணம் 10,000 பாட் அளவில். இதைத் தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். இந்தியாவிலிருந்து அவர்களுடைய இ-விசா தளத்தில் போடலாம். வயது 20 ஆகியிருக்க வேண்டும், 5,00,000 பாட் கையிருப்புக் காட்ட வேண்டும். அது பதினான்கு லட்சம் ரூபாயை ஒட்டி வரும். உங்கள் பெயரில், பிக்சட் டெபாசிட்டைவிடச் சேமிப்புக் கணக்கில், விண்ணப்பிக்கும் முந்தின வாரம் திடீரென்று வந்து விழாமல் சில மாதமாகக் கிடக்கும் பணமாக இருந்தால் நல்லது. அப்பா கடைசி நேரத்தில் போட்டுக் கொடுத்த தொகைக்குக் கேள்வி வரும். ஆஸ்திரேலிய கம்பெனியிடமிருந்து, வெளிநாட்டிலிருந்து வேலை செய்யச் சம்மதம் என்ற வாசகத்தோடு ஒப்பந்தம், கடந்த மாதங்களின் இன்வாய்ஸ்கள், அவற்றுக்குப் பணம் வந்த ஸ்டேட்மென்ட், செய்த வேலைகளின் தொகுப்பு ஆகியவை வேண்டும். இன்வாய்ஸ் தொகையும் வங்கி வரவும் பொருந்தவில்லை என்றால் காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். கஃபே வேலையைத் தொகுப்பில் சேர்த்துவிடாதீர்கள்.

டிடிவி கிடைத்தாலும் தாய் வாடிக்கையாளருக்கு வேலை செய்ய முடியாது, 180 நாள் வரி விதியும் அப்படியே இருக்கும், மாமா சொன்ன என்ஆர்ஐ பட்டமும் தானாக வந்துவிடாது. அறைக்குள் செய்யும் லேப்டாப் வேலையை ஒளிக்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் கிடைக்கும் லாபம். இமிகிரேஷனிடமும் இங்குள்ள வரித்துறையிடமும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் ஒரே பதிலைச் சொல்லலாம்.

கையிருப்பு போதவில்லை என்றால் வருஷத்தில் ஒரு தடவை 60 நாள், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிப்பு, அதோடு ஊருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் 2026 டிசம்பர் வரை இருக்கலாம் என்று தாய்லாந்தையும் மலேசியாவையும் மாற்றி மாற்றி ஓட்டுவது முத்திரைகளின் எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

வரும்வரை உங்கள் இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யத் தவறாதீர்கள். 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் எண்ணை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு, வங்கி ஓடிபி, வருமான வரித் தளம் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கும். வீட்டைக் காலி செய்யப்போவதாக வீட்டுக்காரருக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் 30 நாள் நோட்டீஸ் கேட்கும், அது இல்லை என்று சொல்லித்தான் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வார்கள். சாவி கொடுக்கும் அன்று மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் தேதி தெரியப் படம் எடுத்து, கணக்கை அங்கேயே தீர்த்து, டெபாசிட்டை வாங்கிக்கொண்ட பிறகு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்கள். பின்னால் கோவைக்கு அனுப்பிவைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.